நந்தி விலகிய ஊரும் நெருப்பு மூட்டிய ஊரும்

கொள்ளிடத்துக்குத் தெற்கே, வைத்தீசுவரன்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்புன்கூரில், சிவலோகநாதர் சந்நிதிக்கு நேராக இருக்க வேண்டிய நந்தி சற்றே ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாத குலத்தில் பிறந்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே சுவாமியைக் கண்ணாரக் காண வேண்டுமென்று தவித்த திருநாளைப்போவார் என்னும் நந்தனாருக்கு மறைப்பாக இருந்த அந்த நந்தியை விலகும்படி இறைவன் பணித்தான் என்பது ஸ்தல வரலாறு. அதே அடியார் ஆற்றைக் கடந்து தில்லைக்கு வந்தபோது அங்கே எதுவும் விலகவில்லை. அவரேதாம் நெருப்பில் இறங்கி வேறு வடிவத்தோடு எழுந்துவர வேண்டியிருந்தது. ஒரே அடியார், ஒரே தெய்வம், பெரியபுராணத்தின் ஒரே சருக்கம். ஆனாலும் ஓரிடத்தில் தடை நகர்த்தப்படுகிறது, மற்றோரிடத்தில் தடுக்கப்பட்ட மனிதர் மாற்றப்படுகிறார். பிறப்பென்றும் இனமென்றும் யோக்கியதையென்றும் நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வாதங்களைக் கேட்கும்போதெல்லாம், அவை அத்தனையும் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலேயே நடக்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நந்தனார் பிறந்த, கொள்ளிடக் கரையில் இருந்த ஆதனூர்ப் புலைப்பாடியைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் வர்ணித்திருக்கும் விதம் அலாதியானது. சோழநாட்டு மந்திரியாக இருந்தவர் என்று பெயர்பெற்ற அந்த வேளாளக் கவிஞர், சேரியை அருவருப்போடு எட்டி நின்று பார்க்கவில்லை. குடிசைகளுக்கு நடுவே புகுந்து நடந்து பார்த்தவரைப்போல் எழுதுகிறார். மருத மர நிழலில் தோலை விரித்து அதன்மேல் உழத்தி தன் குழந்தையை உறங்கவைக்கிறாள். இரும்பு வளை அணிந்த கறுத்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைக் கவர்ந்துகொண்டு ஓடுகிறார்கள். குட்டிகளின் மெல்லிய குரைப்பு, அந்தப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டிய இருப்பு மணிகளின் ஓசையில் அடங்கிப்போகிறது. இவ்வளவு நுணுக்கமாகக் கண்ட கண்தான் நந்தனாருடைய குலத்தொழிலையும் கண்டு சொல்லுகிறது: கோயில் பேரிகைகளுக்குப் போர்க்கும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் அவர் கொடுத்துவந்தார். அவர் பதப்படுத்திய தோல் உள்ளே முழங்கிற்று. அவர் முறுக்கிய நரம்பு உள்ளே இசைத்தது. பண்டத்துக்கு இல்லாத தீட்டு, பண்டத்தைச் செய்தவருக்கு இருந்தது. இந்த விசித்திரத்தைப் பற்றிச் சேக்கிழார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், படிக்கிறவனுக்குத்தான் நெஞ்சு நின்றுபோகிறது.

இந்தச் சரித்திரம் ஒரேயடியாக எழுந்ததன்று என்பதையும் கவனிக்க வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் நாளைப்போவாரின் பெயரைச் சொல்லி அவருக்கு அடியேன் என்கிறார்; அங்கே நெருப்பில்லை, குலப்பேச்சும் இல்லை. பின்வந்த நம்பியாண்டார் நம்பி, அவர் தில்லைக் கூத்தனின் அருளால் புலை நீங்கி முனிவரானார் என்றும், தில்லை மூவாயிரவர் கைகூப்பினர் என்றும் சொல்லுகிறார். அங்கேயும் வேள்வித் தீயைக் காணோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் வரும்போதுதான் தென்மதிலுக்குப் புறத்தே, திருவாயிலுக்கு முன்னால் தீ மூட்டப்படுகிறது. நந்தனாரைக் கொடுமைப்படுத்தும் வேதியரும், ஒரே இரவில் அறுத்து முடிக்க வேண்டிய நாற்பது வேலிப் பயிரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தவை. அயோத்திதாசப் பண்டிதரோ கதையின் அடிப்படையையே மறுத்து, நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டார். காலம் செல்லச் செல்ல ஒரு மகானின் பக்தி அதிகமாயிற்றோ இல்லையோ, அவர் கடக்க வேண்டிய தடைகள் அதிகமாகிக்கொண்டே வந்திருக்கின்றன.

பாரதியார் பெயரை எடுத்ததால் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம் வாங்க வேண்டி அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பலமுறை சென்றதும், இலக்கண வழுக்கள் மலிந்த அந்நூலுக்குப் பாயிரம் தர மனமில்லாமல் பிள்ளையவர்கள் தட்டிக்கழித்து வந்ததும், ஒரு பகல் வேளையில் பிள்ளையவர்கள் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கத் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து பாடிய பாட்டைக் கேட்டு உருகிப்போய் அன்றே பாயிரம் கொடுத்ததும், டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கும் செய்திகள். வாசலுக்கு வெளியே நின்றவரைப் பாடிய நூலும் ஒரு வாசலுக்கு வெளியே காத்திருக்க நேர்ந்தது. ஆனால் பிள்ளையவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவர் கையிலிருந்த அளவுகோல் இலக்கணம், அந்த அளவுகோலுக்கு எட்டாத ஒரு மேன்மை காதில் விழுந்தவுடன், அளவுகோலைக் கீழே வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி, தில்லையில் மூட்டிய தீ எதை எரித்தது என்று கேட்போம். நந்தனாருடைய பக்தி தீக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்; அது முன்னமே பூரணமாக இல்லாவிடில் தீயில் மூழ்கி வரும்படி சொல்ல இறைவன் அவர் கனவில் வந்திருக்கமாட்டான். அறியாமை எரிந்தது என்பதற்கும் இடமில்லை. வெண்ணூலும் முடித்த சடையுமாக ஒரு முனிவர் எழுந்தார் என்று புராணம் சொல்லுகிறபடியால், மாறியவை பார்க்கிறவர் கண்ணுக்குப் புலப்படும் அடையாளங்களே என்று ஏற்படுகிறது. ஆகவே அந்தத் தீ உள்ளே போகிறவருக்காக மூட்டப்பட்டதா, உள்ளே இருந்தவர்கள் மனம் இசைவதற்காக மூட்டப்பட்டதா என்பது நியாயமான கேள்வி. அப்படி யோக்கியதை பெற்று உள்ளே போனவரும் மறுபடி வெளியே வரவில்லை. கூத்தன் திருவடியில் மறைந்தார் என்று கதை முடிகிறது. அந்தணர் நடுவே அந்தணராக அவர் ஒரு நாளாவது வாழ்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சிந்திக்கப் புராணம் நமக்கு அவகாசம் தரவில்லை.

தில்லை என்னும் இதே சிதம்பரத்தில், அக்கோயிலில் பூஜை செய்யும் தீட்சிதர் குலத்திலேயே பிறந்த உமாபதி சிவாசாரியார் வேறொரு வழி காட்டினார். 1313-இல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய சைவ சித்தாந்த சந்தான குரவர் அவர். மறைஞான சம்பந்தரைக் குருவாக வரித்து, அவர் நெசவாளர் தெருவில் வாங்கிப் பருகிய கூழில் முழங்கை வழியே ஒழுகியதை ஏந்தி உண்டதற்காகத் தம் குலத்தாரால் விலக்கப்பட்டு, ஊரை அடுத்த கொற்றவன்குடியில் போய் இருந்தார் என்பது பரம்பரை வழக்கு. அவருடைய மடத்துக்கு விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பான் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்தவருக்குத் தீட்சை கொடுத்து முத்தியளிக்கும்படி நடராஜப் பெருமானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாராம். (கடவுளே சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால் அக்காலத்து நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.) உமாபதியார் தீட்சை செய்தார், சாம்பான் ஜோதியில் கலந்தார், விஷயம் அரசன் வரையில் போய், அவன் வந்து அத்தாட்சி கேட்க, அபிஷேக நீர் பாய்ந்து வளர்ந்திருந்த ஒரு முள்ளிச் செடிக்கும் சிவாசாரியார் முத்தி கொடுத்துக் காட்டினார் என்பார்கள். சாம்பானுக்குப் பூணூல் வரவில்லை, சடை வரவில்லை. விறகு சுமந்த அதே உடம்போடு, அதே பெயரோடு அவர் கரை சேர்ந்தார். இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று சித்தாந்தம் வகுத்த பக்குவங்களில் பிறந்த குலம் ஒன்றாக எண்ணப்படவில்லை என்பதைச் சாஸ்திரம் கற்றவர் எல்லோரும் அறிவார்கள். அறிந்ததைச் செய்துகாட்டியவர் கொற்றவன்குடியில் இருக்க நேர்ந்தது.

தீயினால் நீக்கவேண்டிய ஏதோ ஒன்று பிறப்பிலேயே உடம்பில் ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் புராண காலத்தோடு போய்விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை அளந்தே பார்த்துவிடுவதென்று சிலர் கருவிகளோடு புறப்பட்டார்கள். 1816-இல் எல்லிஸ் துரையும் 1856-இல் கால்டுவெல் ஐயரும் தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியது மொழியாராய்ச்சியில் பெரிய காரியம். ஆனால் மொழிகளுக்கு வைத்த பெயர்கள் வெகு சீக்கிரத்தில் ரத்தங்களுக்கு வைத்த பெயர்களாகிவிட்டன. ஹெர்பர்ட் ரிஸ்லி, 1901-ஆம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்தவர், மூக்கு அகல அகல ஜாதி தாழும் என்று ஒரு விதியையே ஏற்படுத்தினார். எழும்பூர் மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் தென்னிந்திய ஜாதிகளின் தலைகளையும் மூக்குகளையும் அளந்து 1909-இல் ஏழு பாகங்களாகப் புத்தகம் வெளியிட்டார். கோயில் வாசலில் இருந்தவர் கேட்ட கேள்வியைத்தான் இவர்களும் கேட்டார்கள். சாஸ்திரத்துக்குப் பதிலாகக் கையில் அளவுக்கருவி இருந்தது, அவ்வளவே.

அந்தக் கருவியைக் கொண்டே அந்தக் கொள்கையை வீழ்த்தியவர் டாக்டர் அம்பேத்கர். தீண்டாமை இனவேற்றுமையிலிருந்து பிறந்தது என்று ஸ்டான்லி ரைஸ் முதலானோர் சொல்லிவந்ததை எடுத்துக்கொண்டு, ஒரே பிரதேசத்துப் பிராமணர் மூக்களவும் தீண்டப்படாதார் மூக்களவும் வேறு இனங்களைக் காட்டவில்லையே என்று அளவுகளை வரிசையாக வைத்துக் கேட்டார். இந்த வாதம் அடங்கி 1948-இல் வெளிவந்த நூலை அவர் மூன்று அடியார்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்; சொக்கமேளர், ரவிதாசர் இருவரோடும் நம்முடைய நந்தனாரும் அதில் இருக்கிறார். பம்பாய் மாகாணத்து மகார் குலத்தில் பிறந்தவர், ஆதனூர்ப் புலைப்பாடியாரை நினைத்துக்கொண்டு, மூக்களவுச் சாஸ்திரத்தை மறுத்து எழுதியதைத் தமிழர்கள் போதிய அளவு நினைப்பதாகத் தெரியவில்லை. 1950-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் கூட்டிய அறிஞர்களும் இனம் என்பது உடற்கூற்று உண்மை என்பதைவிடச் சமூகம் கட்டிய கற்பனை என்றே அறிக்கை செய்தார்கள். மனிதர்களிடையே காணும் மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972-இல் லெவான்டின் கணக்கிட்டார்.

ஆனால் கற்பனை என்று நிரூபித்துவிட்டதனால் மட்டும் அது அழிந்துவிடாது. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறியை எதிர்த்து ஐக்கிய நாடுகள் கூட்டிய மகாநாட்டில், ஜாதி என்பது இனமன்று, ஆகையால் அது இங்கே விவாதத்துக்குரியதன்று என்று இந்திய அரசாங்கம் வாதித்தது. அம்பேத்கர் சொன்ன உண்மையேதான் அது. அவர் அதைத் தாழ்த்தப்பட்டவர்மேல் ஒட்டியிருந்த முத்திரையைக் கிழிக்கச் சொன்னார். டர்பனில் அது வழக்கை விசாரணைக்கு வராமல் செய்யச் சொல்லப்பட்டது. உண்மைகள் போகுமிடங்களை உண்மைகளே தேர்ந்துகொள்வதில்லை.

யோக்கியதை என்ற வார்த்தை நம் கல்விச்சாலை வாசலுக்கு வந்த கதையும் இப்படித்தான். சென்னை மாகாணத்தில் 1920-களில் எழுந்த வகுப்புவாரி உத்தரவு, பிற்காலத்தில் கல்லூரிகளில் 14 இடங்களுக்குள் 6 பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கும், 2 பின்தங்கிய ஹிந்துக்களுக்கும், 2 பிராமணருக்கும், 2 ஹரிஜனங்களுக்கும், மற்ற இரண்டில் ஒவ்வொன்று ஆங்கிலோ-இந்தியரோடு சேர்ந்த கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் என்று பங்கிட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. அந்த அம்மையார் வைத்தியக் கல்லூரிக்கு மனுவே போட்டிருக்கவில்லை என்பது பிறகு தெரியவந்த சுவாரஸ்யம். அதே வருஷத்தில் பார்லிமெண்டு சட்டத்தை முதன்முறையாகத் திருத்தி வழி செய்தது. திருப்புன்கூரில் நடந்த காரியமே அரசியல் சட்டத்தில் நடந்தது என்று சொல்லலாம். நந்தியை நகர்த்தினால் சந்நிதியின் லட்சணம் கெடும் என்று அன்று வருந்தியவர்களுடைய சந்ததியார் இன்றும் வருந்துகிறார்கள். பரீட்சையில் மார்க்கு வாங்குவது யோக்கியதையே அன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை வைக்கிறவர் தாம் எந்தப் பரீட்சையில் தேறி அங்கே அமர்ந்தார் என்று கேட்டால், பல சமயங்களில் தகப்பனார் பெயரே விடையாக வருகிறது.

1927-இல் சிதம்பரத்துக்கு வந்த காந்தியடிகள், நந்தனார் வாழ்ந்த இடம் தமக்கு யாத்திரை ஸ்தலம் என்ற பாவனையில் பேசி, சண்டையினால் அல்லாமல் தம்மையே வருத்திக்கொண்டு அவர் தடைகளை வென்றார் என்று போற்றினார். மகாத்மாவின் சொல்லில் குறை காண்பது அபசாரம் என்று எண்ணுகிறவர்கள் பொறுக்க வேண்டும்: நெருப்பில் இறங்கியவரின் பெருமையைப் பேசப் பேச, நெருப்பு ஏன் வேண்டியிருந்தது என்ற விசாரணை பின்னுக்குப் போய்விடுகிறது. அவருக்கு முன்னமே, 1910-ஐ ஒட்டிச் சிதம்பரம் வந்து சேர்ந்த சுவாமி சகஜானந்தர், கரபாத்திர சுவாமிகளின் சீடர், வடமொழியும் தமிழும் கற்றவர், 1916-இல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். நந்தனார் தீக்குளித்த இடமென்று ஊரார் காட்டும் ஓமக்குளத்தில் அவர் பெயரால் மடம் எழுந்தது. சகஜானந்தர் 1959-இல் மறையும் வரையில், தீ எரிந்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சோறும் அரிச்சுவடியும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் யார் பூஜை செய்யலாம் என்ற விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன், ஏனென்றால் அதைக் கோர்ட்டுகள் விரிவாகவே சொல்லியிருக்கின்றன. கடலூர் ஜில்லாவின் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து எழுந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் மத்திய அரசாங்கம் நியமித்த கமிட்டி, 1969-இல் தந்த அறிக்கையில், பரம்பரை அர்ச்சகத்தை ஒழிக்க வேண்டுமென்றது. அதைத் தழுவித் தமிழ்நாட்டில் 1970-இல் சட்டம் வந்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில், தகப்பனுக்குப் பின் மகன் என்ற உரிமை போகலாம், ஆகமம் விதித்த வகுப்பு வரையறை போகாது என்று தீர்ப்பாயிற்று. தில்லையிலோ ஆகம முறையன்றி வைதிக முறை. தீட்சிதர் குலத்தில் பிறந்து விவாகமும் ஆனவருக்கே பூஜையுரிமை. 2014 ஜனவரியில் நிர்வாகமும் அவர்களுக்கே உரியது என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. தலைமுறை தலைமுறையாகத் தில்லைக் கூத்தனை விட்டுப் பிரியாத அவர்களுடைய நிஷ்டையை நான் குறைத்து மதிப்பவனல்லன். பிறப்பொன்றே போதுமென்றால் யோக்கியதை என்ற பேச்சு அங்கே எழவே வேண்டாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

இத்தனைக்கும் விடையாக வடலூரைக் காட்டுவது நம்மவர் வழக்கம்; ஆனால் வடலூரும் அவ்வளவு சுலபமான விடையன்று. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், ஜாதியையும் மதத்தையும் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கியவர், 1872 ஜனவரியில் அங்கே அமைத்த சத்திய ஞானசபையின் உள்ளே கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே வர வேண்டும் என்று விதித்தார். குலம் கேட்காத இடத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இது யாரும் இன்றைக்கே ஏற்றுக்கொள்ளக்கூடிய நிபந்தனை, தந்தையின் பெயரைக் கேட்கவில்லை, நெருப்பில் இறங்கச் சொல்லவில்லை என்று சொல்லி அமைதி காணலாம். ஆயினும் தோல் பதனிட்டு, செத்த மாட்டின் இறைச்சியன்றி வேறு ஆகாரத்துக்கு வழியில்லாமல் பல தலைமுறை கிடந்த ஒரு சேரிவாசிக்கு, அந்த நிபந்தனை அக்கிரகாரத்தானுக்கு எளிதாவதுபோல் எளிதாகுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

அடிகளும் இதை உணர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கு அவர் செய்த காரியங்களின் வரிசையே எனக்குச் சாட்சியாகப் படுகிறது. வடலூர்ப் பார்வதிபுரத்துக் குடிகள் மனமுவந்து கொடுத்த 80 காணி நிலத்தில் அவர் முதலில் கட்டியது சபையன்று. 1867 மே மாதம் 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றுவரை எரிய, வருகிறவர்களுக்கு ஊர், பேர், ஜாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல், பசி ஒன்றையே பார்த்துச் சோறிடும்படி செய்தார். அந்தச் சோறு ஏறக்குறைய ஐந்து வருஷம் நடந்த பிறகே சபையும் அதன் நிபந்தனையும் வந்தன. இந்த வரிசையை நம்முடைய ராஜாங்கங்கள் மாற்றிவிட்டன. பரீட்சை நடத்திப் பட்டமளிக்கச் சென்னை சர்வகலாசாலை 1857-இல் ஏற்பட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை 1929-இல் எழுந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரட்டும் என்று காமராஜர் ராஜ்யம் முழுவதற்கும் மதிய உணவு ஏற்பாடு செய்தது 1956-இல். இடையில் கழிந்த தொண்ணூற்றொன்பது வருஷங்களில் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போனவர்கள் வாங்கிய மார்க்குகளையும், சாப்பிடாததால் பரீட்சைக்கே வராதவர்களையும் ஒரே ஜாபிதாவில் வைத்துத்தான் இன்னும் பலர் ஜாதிகளின் புத்தியைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.